நினைவு தப்பிய பண்ணையார் வேஷம்

அருப்புக்கோட்டையில் வேலை முடிந்த பிறகு நாடகம் போடும் சிறு குழு ஒன்று இருந்தது. அந்த வருஷ நாடகங்களைத் தீர்மானிக்கக் கூடியபோது, மண்டபம் தரும் தலைவர் குழந்தைவேலு சொன்னார்: "எல்லாத்துலயும் நான்தான் கதாநாயகன். வசனம் மனப்பாடம் பண்ண மாட்டேன். தடுமாறினா எவனும் சிரிக்கவும் கூடாது. இல்லேன்னா மண்டபம் கிடையாது."

திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் செண்பகவல்லி, "அதுக்கென்ன ஐயா, முதல் நாடகத்துல நீங்க நினைவு தப்பின பண்ணையார். மறந்தா அதுதான் நடிப்பு" என்றாள்.

தலைவருக்கு ஏக சந்தோஷம். தானே ஊரெல்லாம் சொன்னார். அது வாய்க்கு வாய் மாறி, தலைவருக்கே நினைவு தப்பிவிட்டதாக ஆகிவிட்டது. பூக்காரர் பரிவோடு, "என்னைத் தெரியுதாங்க ஐயா?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

அடுத்த ஒத்திகைக்கு வந்ததும் தலைவர் செண்பகவல்லியிடம், "வேற வேஷம் கொடும்மா. என் ஞாபகசக்தி ஊருக்குத் தெரியணும்" என்றார்.

"வக்கீல் வேஷம் இருக்கு ஐயா. ஆனா வசனம் ரொம்ப நீளம்."

"நீளமாவே கொடு."

அவர் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தார். வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை இல்லாமல் போகவே, செண்பகவல்லி அந்த நாடகத்தில் நீதிபதியாக மேடையேறினாள்.