முயல் வளர்த்த வல்லாரை

காட்டோரத்தில் ஒரு பலாமரம். அதன் நிழலில் ஒரு முயல் வளை தோண்டிக் குடியிருந்தது. அந்த நிழலில் புல்கூட முளைக்காது. மழை பெய்தால் சேறெல்லாம் வளைக்குள் வந்துவிடும். முயல் படும் பாட்டைப் பார்த்த பக்கத்து ஆமை, ஓடைக்கரையிலிருந்து ஒரு வல்லாரைக் கொடியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நட்டு வை என்றது.

முயலுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே நட்டது. கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்தது. சேறு வருவது நின்றது. அந்த நன்றியில் முயல் ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை. பசித்தால் அடுத்த மேட்டுக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். முயலாய்ப் பிறந்து இப்படி ஓர் அசடு!

கேட்க ஆளில்லாத வல்லாரை சும்மா இருக்குமா? மரத்தடியைத் தாண்டியது. அங்கே நின்ற நன்னாரிச் செடிகளை மூடியது. வெயில் விழும் ஓரம்வரை போய்விட்டது.

ஒருநாள் அந்த ஓரத்தில் ஆமை அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று முயல் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று மழுப்பியது. விடாமல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தது.

"இங்கதான் முட்டையிட்டுப் புதைச்சு வச்சேன். குஞ்சு பொரிக்கிற நேரம் வந்தாச்சு. மேல வேர் இப்படிப் பின்னிக் கிடந்தா அதுங்க எப்படி வெளிய வரும்?"

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"நீ பிள்ளை மாதிரி வளர்க்குற. கொடுத்தவளும் நான்தான். எந்த வாயால சொல்றது?"

முயலுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி, எல்லாவற்றையும் தோண்டி எறிந்துவிடுகிறேன் என்று சொல்லி மரத்தடியில் ஒரு பக்கத்தைக் கிளறியது. கொடித் துண்டுகள் நாலாபக்கமும் சிதறின. மறுமழையில் விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டது. மறுபடியும் தோண்ட வந்த முள்ளம்பன்றியின் கால் முட்டைமேல் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்து முயலும் ஆமையும் நடுங்கிப்போயின. போதும் சாமி என்று அதை அனுப்பிவைத்தன.

கடைசியில் முயலே ஓரத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் கொடியைக் கடித்தது. கொஞ்சம் கசந்தது. ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு துண்டும் கீழே விழாமல், வேரோடு மெல்ல இழுத்து இழுத்துத் தின்றது. ஓரத்து மண் பொலபொலவென்று ஆனது. நன்னாரியும் தலைகாட்டியது. மழைக்கு வேண்டுமே என்று மரத்தடி வல்லாரையை மட்டும் முயல் விட்டுவைத்தது.

சில நாளில் மண் அசைந்தது. சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. குஞ்சுகள் அம்மாவைத் திரும்பிக்கூடப் பாராமல் நேரே வல்லாரைக்குள் புகுந்து இலையைக் கடிக்கத் தொடங்கின. ஆமைக்கு வெட்கமாகப் போயிற்று. அதட்டக் கிளம்பியது.

"விடுங்கக்கா, தின்னட்டும்" என்றது முயல். "ஓரத்துக்கு மறுபடி படராமப் பார்த்துக்க எனக்கும் ஆள் வேணும்ல."

ஆசையாக வளர்க்கிறவருக்கு, அளவு பார்த்து நறுக்கவும் மனசு வேண்டும்.