பானைக்குள் போன மழவராயர்

வேங்கைக்குடியை ஆண்ட மணவாள மழவராயருக்குத் தம் முகத்தின் மேல் கொள்ளை ஆசை. கண்ணாடி முன் நின்றாரென்றால் இலையில் போட்ட சோறு ஆறிப்போகும். அந்த முகம் ஐம்பொன்னில் நிற்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது.

அவை விகடன் ஆட்கொண்டான் உடனே அகோர ஸ்தபதியை அழைத்து வந்தான். "இவர் வார்த்தால் சிலை பேசும், மன்னா. அதற்கு நான் பொறுப்பு" என்று வாயையும் கொடுத்துவைத்தான்.

வம்பு அங்கேதான் பிறந்தது. பிரதானி சிதம்பரேசர் அந்த வேலையைக் கல்தச்சனான தம் மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்தார். அது கைநழுவியதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "பொன் கலக்கும் வேலை. கூடவே இருந்து நான் கண்காணிக்கிறேன், மன்னா" என்றார், பணிவாக.

ஸ்தபதி முதலில் தேன்மெழுகில் மன்னரைச் செய்தார். மீசை முறுக்குவரை அப்படியே. அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, கம்பியால் கட்டி, உலர்த்தி, வறட்டித் தீயில் வாட்டினார். உள்ளே இருந்த மெழுகு உருகி, கீழே வைத்த பானையில் வடிந்துவிட்டது. மெழுகு இருந்த இடம் காலியாயிற்று. அந்த இடத்தில் உருக்கிய ஐம்பொன்னை ஊற்றினார்கள். இனி மண்ணை உடைத்தால் சிலை வெளியே வரும்.

மண் ஆறிய அன்று காலை, மன்னர் பரிவாரத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டார். மாலையில் விருந்தினர் முன்னால் சிலைத் திறப்பு. ஸ்தபதி சுத்தியலை ஓங்கினார்.

"நிறுத்து!" என்று அலறினார் பிரதானி. "மன்னா, இந்த மண்ணின் உள்பக்கம் பதிந்திருப்பது யாருடைய முகம்?"

"என் முகம்தான்."

"தங்கள் முகத்தைத் தங்கள் கண்ணெதிரிலேயே ஒருவன் சுத்தியலால் அடிப்பதா? எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. இது ராஜத்துரோகம் இல்லையா?"

மன்னர் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வலிப்பது போலத்தான் இருந்தது.

"ஆமாம்! மண்மேல் ஓர் அடி விழக்கூடாது. மாலைக்குள் சிலையும் வெளியே வரவேண்டும். இரண்டில் எது தவறினாலும் ஸ்தபதியின் வலக்கை போகும்!"

ஸ்தபதியின் கையிலிருந்து சுத்தியல் நழுவி விழுந்தது. "உடைக்காமல் எப்படி, மன்னா..." என்றார்.

"பொறுப்பு ஏற்றவருக்கு?" என்று பிரதானி மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"அவன் நாக்கு போகும்!"

ஆட்கொண்டானின் நாக்கு அதற்குள்ளேயே உலர்ந்துவிட்டது. எதைச் சொல்வது? மன்னர் சொன்னால் சொன்னதுதான். கண்கள் பட்டறை முழுவதும் அலைந்தன. மூலையில் கிடந்த ஒரு பொருளில் வந்து நின்றன. அவன் உதட்டோரம் லேசாக வளைந்தது.

"மன்னா, ஒரு வெற்றிலை போடும் நேரம் கொடுங்கள். தங்கள் பல்லக்கையும் கொடுங்கள்."

"எதற்கு, ஓடிப்போகவா?" என்றார் பிரதானி.

"ஓடுகிறவன் பல்லக்கிலா ஓடுவான், ஐயா?"

சற்றுக்கெல்லாம் பட்டறையின் பின்புறம் கொம்பும் தவிலும் முழங்கின. "பராக்! பராக்! மணவாள மழவராயர் எழுந்தருளுகிறார்!"

மன்னர் திடுக்கிட்டார். "நான் இங்கேதானே நிற்கிறேன்?"

பல்லக்கு வந்து இறங்கியது. உள்ளே பட்டுமெத்தை. மெத்தைமேல் கரிபிடித்த ஒரு மண்பானை. ஆட்கொண்டான் அதன்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஓவென்று அழுதான்.

"என்னடா இது?"

"தாங்கள்தான், மன்னா! மீசையை முறுக்கிக்கொண்டு மெழுகில் நின்றீர்களே, அந்தத் தாங்கள்! இப்போது முகம் எது, முழங்கால் எது என்று பிரிக்க முடியவில்லையே!"

மன்னர் எட்டிப் பார்த்தார். உறைந்த மெழுகில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது. "யார் என்னை இப்படிச் செய்தது?"

"தீயில் வாட்டினார்கள், மன்னா. பக்கத்தில் ஆசனம் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். 'தீ போதாது, இன்னும் வறட்டி போடு, ஒரு சொட்டு உள்ளே தங்கக்கூடாது' என்று அதட்டினார். ஸ்தபதியாரே, யார் அவர்?"

ஸ்தபதியின் கண்கள் பிரதானி பக்கம் திரும்பின.

"மண்ணை அடித்தால் கை போகும். மன்னரையே உருக்கிப் பானையில் வடித்தால் எது போகும்? பிரதானி சட்டம் தெரிந்தவர். அவரே சொல்லட்டும்" என்றான் ஆட்கொண்டான்.

பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது. "மன்னா! அது... அது வெறும் மெழுகு!"

"மீசை இருந்ததே, ஐயா?"

"இருந்தால் என்ன? மெழுகு மெழுகுதான்! வேலைக்கு உதவியது, முடிந்ததும் போயிற்று. அதைப்போய் மன்னர் என்பானா எவனாவது?"

"அப்படியானால் இது?" ஆட்கொண்டான் மண்ணைக் காட்டினான்.

பிரதானி முணுமுணுத்தார். "மண்."

"காதில் விழவில்லை."

"வெறும் மண்!"

மன்னருக்குத் தலை சுற்றியது. "மெழுகும் நானில்லை, மண்ணும் நானில்லை. பின்னே நான் எங்கேயடா?"

"உள்ளே மூச்சுமுட்டிக் கிடக்கிறீர்கள், மன்னா. சீக்கிரம் வெளியே விடச் சொல்லுங்கள்!"

"அடி, ஸ்தபதி!" என்றார் மன்னர்.

சுத்தியல் விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் மன்னர் கண்ணை மூடிக்கொண்டார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கறுத்து, சொரசொரப்பாக, ஆனால் மூக்கும் முழியுமாக மழவராயர் எழுந்து நின்றார். தலையின் இரண்டு பக்கமும் விரல் பருமனில் இரண்டு துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

பிரதானிக்கு உயிர் திரும்பி வந்தது. "பாருங்கள், மன்னா! இந்த ஸ்தபதி தங்களுக்குக் கொம்பு வைத்துவிட்டான்!"

"ஐயோ, இல்லை மன்னா! ஐம்பொன் உள்ளே இறங்கிய வழி அது. வழியில் நின்றதும் சேர்ந்து உறைந்துவிட்டது. எந்தச் சிலைக்கும் இப்படித்தான். வெட்டித் தேய்த்தால் போய்விடும்" என்று பதறினார் ஸ்தபதி.

மன்னர் ஆட்கொண்டானைப் பார்த்தார்.

"எல்லோரும்தான் பார்த்தோம், மன்னா. ஸ்தபதிக்கு அது வழியாகத் தெரிந்தது. எனக்கு வெறும் துண்டாகத் தெரிந்தது. தங்கள் முகத்தைக் கண்டதும் கொம்பு ஞாபகம் வந்தது பிரதானி ஒருவருக்குத்தான்."

மழவராயர் தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கங்கணத்தைக் கழற்றி ஸ்தபதியின் வலக்கையில் பூட்டினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆட்கொண்டானுக்குப் போர்த்தினார். கீழே கிடந்த அரத்தை எடுத்துப் பிரதானியிடம் நீட்டினார்.

"கொம்பைக் கண்டவர் நீர். நீரே உட்கார்ந்து தேய்த்துவிடும்."