வாசல் விடும் வழக்கம்

நாகப்பட்டினத்தில் பழுதான மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையொன்றின் மாடியில், லைசென்ஸ் வாங்கிச் சொந்த வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்பவர்களின் ஹாம் ரேடியோ குழு ஒன்று இயங்கிவந்தது. எப்போதோ அடித்த புயலில் தந்திக் கம்பிகள் அறுந்து ஊரே ஊமையாய்க் கிடந்தபோது, ஒரு தையல்காரரும் ஒரு கம்பவுண்டரும் பழைய பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு வயர்லெஸ் பெட்டி செய்தார்கள். குழு அப்படித்தான் பிறந்தது. அந்த இருவரும் இப்போது இல்லை. அவர்கள் ஏற்படுத்திய ஒரு வழக்கம் மட்டும் இருந்தது.

தினமும் காலையில் சுற்றுப்பட்டு ஊர்களின் உறுப்பினர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்கக் கூடாது. அவசரமாக யாராவது நடுவில் நுழைய வேண்டியிருந்தால் நுழையட்டும் என்று, ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். இதற்கு அவர்களுக்குள் 'வாசல் விடுவது' என்று பெயர்.

வேதமாணிக்கத்துக்கு இந்த வாசல் பிடிக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பஸ் கூடுதலாக ஒரு நிமிடம் நின்றாலே விசிலை ஊதிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விசில் அவர் வாயை விட்டு இறங்கவில்லை. லைசென்ஸ் பரீட்சைக்கு அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அந்தக் காயில் கடைக்காரி ஜைனம்பு. வயதில் அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"டீச்சர், இந்த வாசல்ல இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா?"

"நேத்து யாரும் வரல ஐயா."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும் வரல."

"அப்புறம் எதுக்கு இந்தக் காத்துக் கெடக்குற வேலை?"

ஜைனம்பு தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு வந்தா எங்க நிப்பாங்க?"

இது பதிலா என்று வேதமாணிக்கம் வீடு போகும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பிறகு புயல் வந்தது. இரவெல்லாம் ஆடிவிட்டுப் போனது. விடிந்து பார்த்தால் கரண்டு இல்லை, செல்போன் இல்லை, தெற்கே போகும் சாலை முழுக்க மரங்கள். வேதமாணிக்கத்தின் ஒரே மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்த ஊர் வேதாரண்யம். மருமகன் துபாயில். ஓட்டு வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

வேதமாணிக்கம் மாடிக்கு ஓடினார். பெட்டி கார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. வேதாரண்யத்தில் குழுவின் உறுப்பினர் குஞ்சிதபாதம் ஒரு பெட்டி வைத்திருந்தார், நிவாரண முகாமுக்குப் பக்கத்திலேயே. அது போதும் என்று நினைத்தார்.

"வேதாரண்யம், வேதாரண்யம்! குஞ்சிதபாதம் சார், கேக்குதா? எம் பொண்ணு ஜெசிந்தா அங்க இருக்கு. முகாமுக்கு வந்துச்சா? ஜெசிந்தா! அப்பா பேசுறேம்மா! பயப்படாத! சாப்ட்டியா? வீடு நிக்குதா?"

மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பேசத்தான் முடியும், விட்டால்தான் எதிர்க்குரல் கேட்கும். பொத்தானை விட்டார். வெறும் இரைச்சல் காதில் விழ, அதை முழுதாகக் கேட்கக்கூட நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். கூப்பிட்டார். விட்டார். அழுத்தினார். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிய தன் அடையாளக் குறியான கால்சைனைச் சொல்ல மறந்தே போய்விட்டது. எழுந்து நின்று கூப்பிட்டார், உட்கார்ந்து கூப்பிட்டார், வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார். குரல் கட்டிப்போனது. அந்த அறையில் சும்மா இருப்பதைவிட அவருக்குச் செத்துப்போவது சுலபமாக இருந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து ஜைனம்பு ஈரப் புடவையோடு மாடியேறி வந்தாள். உள்ளூர் முகாமுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருகிறாள். இரண்டு கைகளிலும் டீ டம்ளர்.

"பதில் வந்துச்சா ஐயா?"

"இல்ல டீச்சர். அந்த ஆளு பெட்டியே போயிருக்கும். இல்லன்னா..." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"இதைப் பிடிங்க" என்று ஒரு டம்ளரைக் கொடுத்தாள். மைக்கை மேசையில் போட்டுவிட்டு வாங்கினார்.

"இதையும் பிடிங்க."

"இது உங்களுக்கு இல்ல?"

"பிடிங்க ஐயா."

இரண்டு கையிலும் கொதிக்கும் டம்ளர். மேசை முழுக்கக் கம்பியும் கருவியும். தரையில் கூரை ஒழுகித் தேங்கிய மழைத் தண்ணீர். வைக்க இடமில்லாமல் அவர் முழித்தார். மைக் எதிரிலேயே கிடந்தது.

"டீச்சர், கை சுடுது. நான் கூப்பிடணும்."

ஜைனம்பு பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

இரைச்சல். இன்னும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து குஞ்சிதபாதத்தின் மெலிந்த குரல்: "...நாகப்பட்டினம், விட்டீங்களா? காலையிலேர்ந்து நானும் கத்துறேன், நடுவுல நுழையவே முடியலீங்க. பேட்டரி போவப்போவுது. முகாம்ல ஒரு அம்மாவுக்கு இன்சுலின் தீந்துபோச்சு. உடனே வேணும். குறிச்சுக்கிட்டீங்களா?"

ஜைனம்பு ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு மைக்கை அவர் கையில் வைத்தாள். வேதமாணிக்கம் பொத்தானை அழுத்தினார். மகள் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இன்சுலின். வேதாரண்யம் முகாம். உடனே அனுப்பறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்பதற்காகத் திரும்ப அழுத்தப் போனார். ஜைனம்பு அவர் விரல்மேல் கை வைத்தாள்.

"வாசல்" என்றாள்.

ஒரு மூச்சுதான். அந்த ஒரு மூச்சில் அவருக்கு உயிர் போய் வந்தது.

"அப்பா!"

வேதமாணிக்கம் பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"நான் நல்லா இருக்கேம்ப்பா. காலையிலேர்ந்து இந்தப் பெட்டிகிட்டதான் நிக்கிறேன். நீங்க கூப்புட்டதெல்லாம் கேட்டுச்சு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நானும் சொல்லிக்கிட்டே..."

குரல் இழுத்தது. நின்றது. அந்தப் பக்கத்துப் பேட்டரி உயிரை விட்டிருந்தது.

வேதமாணிக்கம் அழுத்தினார், விட்டார், காத்திருந்தார். ஒன்றும் இல்லை. மைக்கைப் பிடித்தபடியே குலுங்கி அழுதார்.

ஜைனம்பு மருந்துக்குச் சொல்லிவிடப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவகிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

அவள் பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து நீங்க பேசினது பூராவும் அவதானே ஐயா கேட்டுக்கிட்டு நின்னா?"