கோம்பை நாயின் கழுத்து மணி

ஒரு காட்டில் கோடை வந்தால் குளங்கள் எல்லாம் வற்றிவிடும், ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சும். மானும் முயலும் குரங்கும் தினமும் காலையில் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும்.

அந்தக் கோடையில் ஒரு கோம்பை நாய் அங்கே வந்து சேர்ந்தது. மலையடியில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்கள் ஊர் மாறிப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செம்மண் நிற உடம்பு. வாயும் மூக்கும் மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு.

“கோம்பை நாய் கடிச்சா விடவே விடாது!” என்றது குரங்கு.

“நீ பார்த்தியா?” என்று கேட்டது புள்ளிமான்.

“நான் வேற பார்க்கணுமா? ஊரே சொல்லுதே!”

ஊர் சொன்னால் போதுமாம், குழந்தைகளே! அந்தக் குரங்கு அதுவரை ஊர்ப்பக்கமே போனதில்லை.

“தண்ணி குடிச்சிட்டு என் பாட்டுக்குப் போயிடுறேன்” என்றது நாய்.

“அப்போ கழுத்துல மணி கட்டிக்கோ. நீ வர்றது எங்களுக்குத் தெரியணும்” என்றது குரங்கு.

“உங்க பயம் குறையும்னா கட்டுங்க” என்று நாய் தலையைத் தாழ்த்தி நின்றது. எப்போதோ ஒரு மாடு தொலைத்த மணியைக் கொடியில் கோத்து, குரங்கு அதன் கழுத்தில் கட்டியது.

அன்று முதல் மணி கேட்டால் போதும், குளக்கரை காலியாகிவிடும். எல்லா விலங்குகளும் மேற்கே இருந்த மூங்கில் புதருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

இரண்டு நாளில் ஒரு முயல் காணாமல் போனது. பிறகு இன்னொரு முயல். அதன்பின் ஒரு கடமான் கன்று.

“கரிவாயன் வேலைதான்!” என்றது குரங்கு. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாம் தலையாட்டின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

“நாளைக்கு அவன் குனிஞ்சு தண்ணி குடிக்கும்போது கரை மேட்டு மேலேருந்து பாறையை உருட்டிடுறேன்” என்றது குரங்கு. மானும் சரி என்றது.

மறுநாள் காலையில் மணி ஒலித்தது. எல்லாம் ஓடின. மானும் ஓடியது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் அதன் குட்டியைக் காணவில்லை. காலில் முள் தைத்து, குட்டி குளக்கரையிலேயே படுத்துக்கிடந்தது. மானுக்கு உயிரே போய்விட்டது. அலறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தது.

குட்டிக்குப் பத்தடி தள்ளி நாய் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் குட்டி பயப்படுமே என்று அது தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

“அம்மா, இது ஒண்ணுமே செய்யலம்மா” என்றது குட்டி.

மேலே குரங்கு பாறையில் கை வைத்திருந்தது.

“உருட்டாதே!” என்று கத்தியது மான். பிறகு நாயிடம் கேட்டது: “அப்போ அந்த முயலெல்லாம் எங்கே?”

“மூங்கில் புதர்ல சிறுத்தை வாடை அடிக்குது அக்கா. முதல் நாளே சொல்லத்தான் உங்க பின்னாடி ஓடி வந்தேன். நான் வேகமா வந்தா மணி பலமா அடிக்குது. மணி பலமா அடிச்சா நீங்க இன்னும் வேகமா அங்கேயே ஓடுறீங்க. நான் என்ன செய்யட்டும்?”

மான் குட்டியைப் பார்த்தது. “ஓடினவங்கதான் காணாம போனாங்க. ஓட முடியாத என் பிள்ளை உயிரோட இருக்கு” என்றது மெதுவாக.

குரங்கு மரத்தில் தாவி ஏறிப் புதருக்குள் எட்டிப் பார்த்தது. மூங்கில் இலைகளுக்கு நடுவே மஞ்சள் தோலும் கரும்புள்ளிகளும் தெரிந்தன. “சிறுத்தை! சிறுத்தை!” என்று அது கத்திய கத்தில் ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே பாய்ந்தன. மறைவு போனபின் சிறுத்தைக்கு அங்கே என்ன வேலை? அது மலைமேல் ஏறிப் போய்விட்டது.

குரங்கு கீழே இறங்கி வந்தது. நாய் அன்றுபோலவே தலையைத் தாழ்த்தி நின்றது. கொடி உரசி உரசி அதன் கழுத்தில் முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. அதைப் பார்த்ததும் குரங்கு அழுதுவிட்டது.

“இந்த மணியை என்னடா செய்யுறது?” என்றது முடிச்சை அவிழ்த்தபடி.

“மூங்கில் புதர் வாசல்ல கட்டுங்க அண்ணே. சிறுத்தை திரும்பி வந்தா அடிக்கட்டும்” என்றது நாய்.

நீதி: முகம் பார்த்துப் பயந்து ஓடுகிறவர், உண்மையான ஆபத்தின் வாயில்தான் போய் விழுவார்.