பின்னால் கட்டிய கைகள்

ஆலகாலம் எழக் கண்டு அஞ்சி ஓடிவந்த வானவரை, ஏன் அஞ்சினீர் என்று கேளாமல் ஏற்றுக்கொண்ட நீலகண்டன் திருவடி துணை.

"அம்மா, ஊர் அசைய மறுக்கிறது. மாலைக்குள் புயல் கரையேறிவிடும்."

சொன்னவர் திருமேனி. அயல்நாட்டு உதவித் திட்டங்களில் உழைத்துத் தலை நரைத்தவர். தொண்டு நிறுவனங்களை வழிநடத்தக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பில் ஐம்பதாம் வயதில் சேர்ந்திருந்தார். களப்பயிற்சிக்காக அவர் தங்கியிருந்த மீனவர் குப்பத்தை நோக்கியே புயல் வந்துகொண்டிருந்தது.

கேட்டவர் அருள்நங்கை. வயதில் அவரினும் இளையவர். ஆயினும் அவருக்கு ஆசிரியர். பயிற்சியைப் பார்வையிட வந்திருந்தார்.

"ஊராரிடம் என்ன சொன்னீர்கள், ஐயா?"

"அஞ்சாதீர்கள், நான் இருக்கிறேன், வண்டியில் ஏறுங்கள் என்றேன். புன்னகையோடு சொன்னேன். தலைவன் முகத்தில் கலக்கம் தெரியலாகாது என்று வகுப்பில் படித்தோமே."

"படித்தோம்."

"குரலை உயர்த்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்."

"ஏன் கட்டிக்கொண்டீர்கள்?"

திருமேனி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே, காலையில் வலை உலர்ந்த மணலில் இப்போது அலை ஏறி நின்றது.

இருவரும் ஊர்க்கூடத்துக்கு நடந்தார்கள். குப்பம் முழுவதும் அங்கே அமர்ந்திருந்தது. நடுவில் ஊர்த்தலைவர் கலியபெருமாள். அவர் எழாமல் அவ்வூரில் ஒருவரும் எழுவதில்லை. வாசலில், புயல் காப்பகத்துக்குச் செல்லும் வண்டிகள் வெறுமையாக நின்றன.

"வாங்கம்மா," என்றார் கலியபெருமாள். "சாரு காலையிலேருந்து சிரிச்ச மொகமாவே நிக்கிறாரு, கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம் குடுக்குறவரு மாதிரி. புயல் நெசமா வருதுன்னா மொதல்ல அவருல்ல ஓடியிருப்பாரு?"

கூடம் சிரித்தது.

"படகையும் வலையையும் போட்டுட்டு எங்கம்மா போறது? சாருக்கே பயமில்ல. எங்களுக்கென்ன?"

கூரையிலிருந்து ஓடு ஒன்று பெயர்ந்து விழுந்து உடைந்தது. ஒரு குழந்தை வீறிட்டது.

"பயப்படாதே, கண்ணு," என்று திருமேனி புன்னகைத்தார்.

அருள்நங்கை அவருக்குப் பின்னால் போய் நின்றார். கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். வலக்கையைப் பற்றி இழுத்துக் கலியபெருமாளின் உள்ளங்கையில் வைத்தார்.

கூடம் எட்டிப் பார்த்தது.

கலியபெருமாள் அந்தக் கையை விடவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து திருமேனியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார்... இப்புடி ஆடுது?"

"காலையிலிருந்தே, ஐயா."

இப்போது திருமேனி புன்னகைக்கவில்லை.

கலியபெருமாள் எழுந்தார்.

"புள்ளைங்களத் தூக்குங்க."

இதைக் கேட்டோர் வாழும் வீட்டில் கடல் புகாதிருக்க. புகும் நாள் ஒன்று வருமாயின், பற்றிக்கொள்ள ஒரு கை அருகிருக்க.