தங்கைக்குக் கொடுத்ததெல்லாம்

"அவ திரும்ப என்ர வீட்டு வாசல மிதிக்கோணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க அம்மா."

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் நாச்சிமுத்து கேட்டது இதைத்தான். மடத்தை நடத்தி வந்த தவமணி அம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஊரே அம்மா என்றுதான் கூப்பிட்டது. அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"யாருங்க வரோணும்?"

"என்ர தங்கச்சிங்க. பாவாத்தாள்."

"ஏன் வர்றதில்ல?"

"பங்கு கேட்டாளுங்க."

அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு?"

"கிணத்துக்கு மேக்கால ஒரு துண்டு நிலமுங்க. பாதி கேக்கல. கால்கூடக் கேக்கல."

"நீங்க தரல."

"நான் தராத ஆளா அம்மா?" அவர் குரல் உயர்ந்தது. "பொங்கலுக்குப் பொங்கல் வண்டி நிறையச் சீர் அனுப்பினவன். அவ பிள்ளைங்க காதுகுத்துக்கு மேளத்தோட தட்டுத் தூக்கிட்டுப் போனவன். கேக்காமயே கறவை மாடு ஓட்டிவிட்டவன். அந்த நிலத்தோட மதிப்பப்போலப் பல மடங்கு போயிருக்குமுங்க. அண்ணன்னா நாச்சிமுத்தாட்ட இருக்கோணும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"அதே நிலத்தை அவங்க சீராக் கேட்டிருந்தா?"

"அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்பேனுங்க!"

அம்மாள் ஒரு தண்டை முறித்துப் போட்டார்.

"பங்குன்னு கேட்டதால தரல."

"எங்க பக்கம் யாரும் குடுத்ததில்லீங்க. பொறந்தவளுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்துட்டு நிக்கிறான்னு ஊர் சிரிக்காதுங்களா?"

அம்மாள் அடுத்த தண்டை எடுத்தார்.

"அதுக்கப்புறம் அனுப்பின சீரையெல்லாம் வாசல்லயே திருப்பிவிட்டுட்டாளுங்க. மூணு பொங்கல் ஆச்சு." அவர் குரல் இறங்கியது. "அவ சிரிச்சா எங்கம்மா சிரிக்கிறாப்பலயே இருக்குமுங்க. வீட்டுக்காரியும் போய்ச் சேந்துட்டா. எனக்குன்னு மிஞ்சியிருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதான்."

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றார் அம்மாள்.

இருந்தார்.

சும்மா இருக்க வராத உடம்பு. மறுநாளே மடத்து வாழைத் தோட்டத்தில் மண்வெட்டியை எடுத்துவிட்டார். தண்ணீர் கட்டினார். களை எடுத்தார். பந்திக்கு இலை அறுத்தார்.

"ஏனுங்ண்ணா, நீங்க வந்தப்புறம் வாழையெல்லாம் என்னைவிடக் கொழுத்துப்போச்சு" என்பார் சமையல்காரர் குப்பண்ணன்.

"நீ ஆக்கறதை வாழை திங்கறதில்லையேப்பா. அதனாலதான்."

சாயங்காலமானால் பேச்சு நின்றுவிடும். ஆற்றுப் பாலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். தங்கையின் ஊர் பஸ் அந்தப் பாலத்தில்தான் வரும். அவள் இறங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பஸ் நின்றால் கழுத்து தானாக நீளும்.

அமாவாசை வந்தது. பந்தியில் வெளியூர் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அம்மாளே பரிமாற வந்தார். நாச்சிமுத்துவின் இலைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"குப்பண்ணா, இந்தப் பெரியவருக்கு நல்லாப் போடு. பாவம், தர்மச் சோறு சாப்பிடறவரு. இன்னொரு வடை வை. பாயசம் தாராளமா ஊத்து."

பக்கத்து இலைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யோ பாவம், எனக்கு வெக்கிற வடையையும் அவருக்கே வெச்சிருங்க."

சோற்றில் வைத்த நாச்சிமுத்துவின் கை அப்படியே நின்றது.

"சாப்பிடுங்க" என்றார் அம்மாள்.

"முடியலீங்க."

"நேத்தைவிட அதிகமாத்தானே இருக்குது?"

"இருக்குதுங்க."

"வேற யாருக்காவது இவ்வளவு போட்டிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன குறை?"

"இந்த எலையே நான் அறுத்ததுங்க!" அவருக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி கட்டினது நான். எனக்கு இத்தனை வேண்டாம். ஒரு கரண்டி போதும். ஆனா அது என்னோடதுன்னு போடுங்க."



பேசியது தன் வாய்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் கண்முன் வந்தது. கிணற்றுக்கு மேற்கே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் உயரத்துக்கு ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு, வாய்க்காலில் மடை மாற்றிவிட்டு நிற்கிறாள் சின்னஞ்சிறு பாவாத்தாள். காலெல்லாம் சேறு.

அம்மாள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் நாச்சிமுத்து பையோடு வந்து நின்றார்.

"தங்கச்சி ஊருக்குங்களா?"

"இல்லீங்க அம்மா. மொதல்ல பத்திர ஆபீசுக்கு."

"கையெழுத்துப் போட்டா வந்துருவாங்களா?"

"தெரியலீங்க."

"வரலைன்னா?"

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வரலைன்னாலும் அது அவளுதுதானுங்க."