ராஜாவுக்கு ‘புட் அப் வித்’ விளங்கிய கதை

செங்கழனிச் சமஸ்தானம் என்று ஒன்று இருந்தது. ரொம்பப் பெரியது இல்லை. ராஜா அரண்மனையில் தும்மினால் பக்கத்துச் சமஸ்தானத்துக்காரன் ‘தீர்க்காயுசு’ என்பான், அவ்வளவுதான். ராஜா பேர் சொக்கலிங்க பூபதி.

ஒரு சித்திரை மாசம் கலெக்டர் துரை வந்து தங்கினார். வெளியே அனல் வீசுகிறது. மாடி அறையைக் காட்டி, வசதி போதுமா என்று ராஜா கேட்டார். துரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஐ வில் புட் அப் வித் த ஹீட்” என்றார்.

ராஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைமார் பேச்சைத் தமிழில் சொல்ல துபாசி சேஷாசலம் இருந்தான். அவன் ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்துப் பார்த்தான். புட் என்றால் வை. அப் என்றால் மேலே. ஹீட் என்றால் சூடு. துரை மேலே சூடு வைக்கச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டான்.

விருந்தாளி கேட்டதை இல்லை என்கிற வம்சமா அது? தணல் கணகணக்கிற கணப்புச் சட்டியை ஆள் பிடித்து மாடிக்கு ஏற்றி, துரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். துரை விடிவதற்குள் குதிரை ஏறிவிட்டார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

ராஜாவுக்கு மனசே ஆறவில்லை. அந்தப் பாழாய்ப்போன வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று சபையில் கேட்டார். துபாசி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, அம்பலவாணன் பக்கம் கையைக் காட்டினான். சாதுர்யக்காரன் என்று பேரெடுத்து, சபையில் தனி ஆசனம் வாங்கியவன் அம்பலவாணன். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவனையே கேளுங்கள் என்றான் துபாசி.

அம்பலவாணனுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடத் தெரியாது. ஆனால் அவன் காது சும்மா இருக்காது. துரையின் சமையல்காரன் அந்தோணியோடு கொல்லைப்புறத்தில் வெற்றிலை போட்டபோது இதே வார்த்தையைக் கேட்டிருந்தான். பல்வலியைப் பற்றிச் சொல்லும்போது வந்தது. வண்டிக் குலுக்கலுக்கும் வந்தது. துரைசானியின் நாயைப் பற்றிப் பேசும்போதும் வந்தது. வந்தபோதெல்லாம் அந்தோணியின் மூஞ்சி ஒரே மாதிரி கோணிக்கொண்டது. அந்த மூஞ்சியை அம்பலவாணன் மறக்கவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் ராஜா தடுத்தார். “அர்த்தம் சொல்லாதே. அர்த்தம் சொல்லித்தான் கணப்புச் சட்டி மாடி ஏறிச்சு. அது எனக்கே விளங்கணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள விளங்கலேன்னா, நீ எல்லையிலே கம்பங்கொல்லைக் காவலுக்குப் போ. உன் ஆசனம் துபாசிக்கு.”

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து அம்பலவாணன் ராஜாவை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். ராஜா சீமை பூட்ஸ் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் உலாவினார். பூட்ஸ் சின்னது, கால் பெரியது. ராஜா சிரித்த முகமாகத்தான் நடந்தார், ஆனால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“மகாராஜா புட் அப் வித் பூட்ஸ்” என்றான் அம்பலவாணன், பவ்யமாக.

மத்தியானம் சாப்பாடு. பொங்கலுக்கு வந்த மாமியார் இன்னும் ஊர் திரும்பவில்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, “இதை ரசம்னு சொன்னா எங்க ஊர்ல மாடு கூடச் சிரிக்கும், மாப்பிள்ளை” என்று ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. ராஜா குனிந்த தலை நிமிரவில்லை. பின்னால் நின்ற அம்பலவாணன் காதோடு காதாகச் சொன்னான், “மகாராஜா புட் அப் வித் மாமியார்.”

ராஜாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் அல்வா வந்தது. அம்பலவாணன் மூச்சுவிடவில்லை. ராஜா திரும்பி, ஏன், அல்வாவுக்கு அந்த வார்த்தை வராதா என்று கேட்டார். வராது மகாராஜா என்றான் இவன். ராஜா அல்வாவைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அட, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறது!”

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கிரீச்சிடும் பங்கா விசிறிக்கு அந்த வார்த்தை. மழுங்கின சவரக்கத்திக்கு அந்த வார்த்தை. காதைச் சுற்றிய ஈயைக் கூட விடவில்லை.

அம்பலவாணன் ஆசனம் பிழைத்தது என்றுதான் நினைத்தான். ஆனால் சாயங்காலம் வந்ததே. சாயங்காலம் ராஜா பாடுவார். சபை முழுக்க உட்கார்ந்து கேட்கவேண்டும், அது அங்கே வழக்கம். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர், அன்றைக்கு உற்சாகத்தில் திறந்துவிட்டார். எதிரே தளபதிக்கு உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. திவான் குனிந்த தலை நிமிரவில்லை.

பாட்டு நின்றது.

“அம்பலவாணா, இவங்க எல்லாம் என் பாட்டை புட் அப் வித்தா?”

துபாசிக்கு வாயெல்லாம் பல். அம்பலவாணன் ஆமாம் என்றால் ராஜாவை அவமதித்த குற்றம். இல்லை என்றால் ராஜாவுக்கு வார்த்தை விளங்கவில்லை என்றாகும். எப்படிப் போனாலும் கம்பங்கொல்லைதான். துபாசி முந்திக்கொண்டு எழுந்து, தேவகானமல்லவா இது, நான் ஆனந்தத்தில் அல்லவா மிதக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அம்பலவாணன் நிதானமாகக் கும்பிட்டான். “மத்தவங்க மனசு எனக்கெப்படித் தெரியும், மகாராஜா? ஆனா துபாசி மனசு தெரிஞ்சு போச்சு. இப்படிப்பட்ட ரசிகரைக் கூட்டத்திலே உட்காரவைக்கிறது பாவம். அவருக்கு மட்டும் தனியா, காலையிலேயும் சாயங்காலமும் பாடிக் காட்டுங்க. அந்த வார்த்தை இருக்கா இல்லையான்னு அவர் மூலமாவே தெரியும்.”

ராஜாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். துபாசி முதலில் தலையாட்டினான். பிறகு இளைத்தான். ஒரு காலையில் ராஜா தம்பூராவைத் தொட்டதுமே கதவைத் தள்ளிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான். பின்னாலேயே ராஜாவும் வர, அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பயத்தில் தமிழ் மறந்துபோயிற்று.

“மகாராஜா, ஐ கெனாட் புட் அப் வித் திஸ்!”

ராஜா அவனையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தலைப்பாகை நழுவிக் கீழே விழுந்தது, அப்போதும் நிற்கவில்லை.

“இவ்வளவு நாள் கழிச்சு என் துபாசிக்கு இங்கிலீஷ் வந்துடுச்சய்யா” என்றார். தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தினார். “ஆசனம் உனக்குத்தான். இன்னும் என்ன வேணும், கேள்.”

“இன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குப் போகணும், மகாராஜா. உத்தரவு கொடுத்தாப் போதும்.”

“எந்த ஊருக்கு?”

“எந்த ஊரா இருந்தாலும் சரிதான், மகாராஜா.”